நாரின் வலிமை தகட்டுக்கு அப்படியே வருமா?

கேள்வி: சோமனூரில் விசைத்தறி உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தறியின் அலுமினியக் கை ஒன்றுக்கு மாற்றாக, கார்பன் ஃபைபர் துணியை எபாக்சிப் பசையில் தோய்த்து 3 மி.மீ. தகடு செய்தேன். 3,500 மெகாபாஸ்கல் தாங்கும் என்று சொல்லித்தான் துணியை விற்றார்கள். நீளவாக்கில் அறுத்த பட்டை அசையவில்லை. குறுக்குவாக்கில் அறுத்தது கையாலேயே முறிந்துவிட்டது. துணி போலியா?

பதில்: இதை மட்டும் வைத்துத் துணியைப் போலி என்று சொல்ல முடியாது. விற்றவர் சொன்ன எண் நாருக்கு உரியது; உங்கள் கையில் இருப்பதோ நாரும் பசையும் சேர்ந்த தகடு. தறி அறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊடையே இல்லாமல் பாவு நூலை மட்டும் விரித்துக் கஞ்சியால் ஒட்டவைத்தால், நீளவாக்கில் இழுக்கும்போது நூல் தாங்கும். அகலவாக்கில் இழுத்தால் கஞ்சிதான் தாங்கியாக வேண்டும். நீங்கள் வாங்கியது நார்கள் ஒரே திசையில் ஓடும் துணி என்பது அது முறிந்த விதத்திலேயே தெரிகிறது.

கையால் பூசிச் செய்யும் தகட்டில் நாரின் பங்கு கன அளவில் பெரும்பாலும் 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், நீளவாக்கிலேயே 1,400 மெகாபாஸ்கலுக்கு மேல் எதிர்பார்க்க வழியில்லை. குறுக்குவாக்கில் அது ஏறக்குறைய 50தான். தனி எபாக்சி 60 முதல் 80 வரை தாங்கக்கூடியது என்றாலும், நாரும் பசையும் சேரும் விளிம்பில் விசை குவிவதால் தகடு அதற்கும் முன்பே பிளந்துவிடுகிறது.

முறிந்த முகப்பை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். நார்களின்மேல் பசைத்துணுக்குகள் ஒட்டியிருந்தால் பிணைப்பு சரி, அடுக்கிய திசைதான் தவறு. நார்கள் பசையே படாமல் மொட்டையாகப் பளபளத்தால், துணி சரியாக நனையவில்லை. ஊசிமுனைத் துளைகள் தென்பட்டால் காற்று சிக்கியிருக்கிறது. இதை அலட்சியம் செய்யாதீர்கள், காற்றுத் துளைகளின் பங்கு 1 சதவீதம் கூடினாலே அடுக்குகளுக்கு இடையிலான பிடிப்பு 5 முதல் 10 சதவீதம் வரை குறையும்.

அடுத்த தகட்டில் பாதி அடுக்குகளை நீளவாக்கிலும், மீதியில் பெரும்பகுதியை இருபுறமும் 45 டிகிரி சாய்வாகவும், ஓரிரண்டைக் குறுக்காகவும் போடுங்கள். தகட்டின் நடுத்தளத்திலிருந்து மேலே போனாலும் கீழே போனாலும், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல், ஒரே வரிசை அமைய வேண்டும். இல்லையேல் இறுகும்போதே தகடு அப்பளம்போல் முறுக்கிக்கொள்ளும். எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் இறுக்கியைக் கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்துச் சேருங்கள், கூடுதலாக ஊற்றினால் வலிமை கூடாது. சாதாரண வெப்பநிலையில் மட்டும் இறுகிய எபாக்சி பல வகைகளில் 60 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் மோட்டாருக்கு அருகே ஓடும் பாகம் என்பதால், உற்பத்தியாளர் குறிப்பிட்ட சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து எடுப்பதே நல்லது. அலுமினியத்தோடு கார்பன் நேராகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் ஓர் அடுக்குக் கண்ணாடி இழைத் துணி வைத்து ஒட்டிவிடுங்கள்.