மீன் துண்டா, கறிவேப்பிலையா?

கேள்வி: கனடாவில் தானியம் ஏற்றிய ரயில் பாதைகளை மூடிய பிறகு, கிராம வீதிகளைத் திருத்த அரசாங்கம் நிதி ஒதுக்கியதாக அங்கேயிருக்கும் என் மருமகன் சொல்கிறார். நாமும் அப்படி ஓர் ஒதுக்கீடு கேட்டால் என்ன? (வாசகர் ஒருவர், தம்பலகாமம்)

பதில்: கேட்கலாம் ஐயா. ஆனால் 'ஒதுக்கீடு' என்ற சொல்லைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். பிந்தி வருகிறவருக்கு ஒரு மீன் துண்டை எடுத்து வைப்பதும் ஒதுக்குவதுதான், சோற்றில் கிடக்கும் கறிவேப்பிலையைக் கோப்பையின் கரைக்குத் தள்ளுவதும் ஒதுக்குவதுதான். என் பெரியம்மா ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வராத கோபத்தில் சம்பந்தி வீட்டைச் சாகும்வரை ஒதுக்கியே வைத்திருந்தார், அதுவும் ஒதுக்கீடுதான். ஆகவே "நிதி ஒதுக்கப்பட்டுள்ளது" என்று கடிதம் வந்தால், மீன் துண்டா கறிவேப்பிலையா என்று பார்த்துவிட்டுப் பட்டாசு கொளுத்துங்கள்.

மருமகன் சொன்னது சரிதான். ரயிலில் தானியம் ஏற்றும் கட்டணத்துக்கு 1897 ஒப்பந்தத்தில் தொடங்கிய சலுகையை 1995 இல் நிறுத்தி, நிலச் சொந்தக்காரர்களின் கையில் 160 கோடி டொலரைக் கொடுத்தார்கள். அப்புறம் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, ஊருக்கு ஊர் நின்ற மரக் களஞ்சியங்கள் இடிந்தன, கோதுமை லொறியில் ஏறியது. ஒரு ரயில் பெட்டிக்குள் ஏறக்குறைய 90 தொன் போகும். அது லொறிக்கு மாறினால் கிறவல் வீதி என்ன பாடுபடும்? அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்குச் சேதம் 16 மடங்கு என்பது பொறியியலாளர்களின் பழைய கணக்கு. வீதிகள் உடைந்த பிறகுதான் ஐந்து வருடத்துக்கென்று 17.5 கோடி டொலர் வந்தது. முதலில் ரயிலை ஒதுக்கினார்கள், பிறகு வீதிக்கு ஒதுக்கினார்கள்.

பிரித்தானியாவில் இன்னும் விசேஷம். 1963 இல் ரயில்வேத் தலைவர் பீச்சிங்கின் அறிக்கை 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொன்னபோது போக்குவரத்து அமைச்சர் எர்னெஸ்ட் மார்பிள்ஸ். அவர் வீதி கட்டும் கம்பனி ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். இதற்கு நான் வேறு உரை எழுத வேண்டுமா?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கல்லோயா சந்தியிலிருந்து திருகோணமலைக்கு 1927 இல் ரயில் வந்தது. (ஏன் 'புகையிரதம்' என்று எழுதுவதில்லை என்று மாதம் தவறாமல் தபாலட்டை போடும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு: நிலக்கரிப் புகை போய் எவ்வளவு காலம், இரதத்தை நான் கோவில் வீதியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். டீசல் புகையைக் காட்டி அடுத்த அட்டை போட வேண்டாம்.) உங்கள் தம்பலகாமத்திலும் ஒரு நிலையம் இருக்கிறது. பாதையை இழந்தவர்களுக்குத்தான் அந்தக் காசு என்றால், முதலில் உங்கள் ரயிலைக் கொடுக்க வேண்டும். சம்மதமா? கொடுத்தாலும் காசு வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை போன பாதையை 1976 இல் கழற்றினார்கள், அந்தப் பக்கத்து ஆட்களிடம் விசாரித்துப் பாருங்கள்.

அதைவிட, உங்கள் வீதி யாருடையது என்று அறிந்துகொண்டு எழுதுங்கள். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சி, டி என்றால் மாகாணம், மிச்சம் பெரும்பாலும் பிரதேச சபை. கடிதம் மூன்று மேசை சுற்றாது, இரண்டு மேசைதான் சுற்றும்.

போன அறுவடை நேரம் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டுக்கு வந்தேன். காபட் வீதியின் பாதியில் நெல் காயப் போட்டு, வாகனம் ஏறாமல் கல்லும் தென்னம்மட்டையும் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கனடாவில் தானியம் வீதியை உடைத்தது, இங்கே தானியத்துக்கு வீதியே களம். குடையைப் பிடித்துக்கொண்டு காலால் நெல்லைக் கிளறிய அம்மா என் மோட்டார் சைக்கிளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, அங்கால ஒதுங்கிப் போங்கோ" என்றார்.

ஒதுங்கித்தான் போனேன்.