மழைக்காலத்தில் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு பைக்கில் தனியாகப் போகலாமா?

நவம்பர் கடைசியில் 150 சிசி வண்டியில் தனியாகப் போகிறீர்கள். என்ன எடுத்துக்கொள்ள வேண்டும், நாகர்கோவிலுக்கு முன்னால் வரும் முப்பந்தலில் காற்று வண்டியையே தள்ளிவிடுமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். நானும் இதே ரோட்டில் மழையில் போய்வருகிறவன்தான். ஆனால் ஒரே நாளில் ஊர் போய்ச் சேரும் திட்டமென்றால் வேண்டாம். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். காய்ந்த ரோட்டிலேயே இடுப்பு கழன்றுவிடும். திருச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள், ஏறக்குறைய பாதி வழி.

முப்பந்தல் காற்றைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது சீறிக்கொண்டு வரும். ஆடி மாதம் போனால் கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.

நவம்பரில் கவனிக்க வேண்டியது ஆறுகளை. செங்கல்பட்டு தாண்டியதும் பாலாறு, விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை, அப்புறம் வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, வைகை, தாமிரபரணி என்று வரிசையாகக் கடக்கிறீர்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல்தான் போய்விட்டதே என்று கிளம்பியவர்கள் டிசம்பர் 2 அன்று விழுப்புரத்தை அடுத்த அரசூர் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை பெருகி, நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடி, சென்னை–திருச்சி போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் முந்தின நாள் மழைச் செய்தியோடு அணைத் தண்ணீர் செய்தியையும் பாருங்கள். வானிலை மையத்தின் எச்சரிக்கையில் ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். வழியில் உள்ள ஏதாவது ஒரு மாவட்டத்துக்குச் சிவப்பு என்றாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

காலை நாலு மணிக்குக் கிளம்பு, டிராஃபிக் இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பருவத்துக்கு அது ஒத்துவராத யோசனை. கடலோரப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் வெளுத்து வாங்கும். இருட்டில், நனைந்த ஹெல்மெட் வைசரில் எதிர் விளக்கு பட்டால் முன்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிற்கும் லாரி தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் இந்த ரோட்டில் ஆளைக் கொல்வது அந்த லாரிதான். நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்குள் ரூமுக்குப் போய்விடுங்கள்.

ரெயின் கோட் மேல்சட்டை, பேண்ட் என்று தனித்தனியாக இருக்கட்டும். அங்கி மாதிரி ஒரே துணியாக வருவது காற்றில் பறந்து கழுத்தை இழுக்கும். என்ன விலை கொடுத்து வாங்கினாலும் முதலில் ஒழுகுவது பேண்ட்டின் கவட்டைத் தையலில்தான். சீட்டில் தேங்கும் தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே இறங்கும், ஒரு மணி நேரத்தில் குளத்தில் உட்கார்ந்த சுகம். தையலின் உள்பக்கம் டேப் ஒட்டிக்கொண்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கிளவுஸைப் பெரிய சைஸில் வாங்கி உங்கள் கிளவுஸ் மேலேயே மாட்டுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் விரல் விறைக்காது. விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது தாமதமாகும். கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம்.

டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். தூறல் ஆரம்பித்த முதல் அரை மணி நேரம்தான் ரோடு அதிகம் வழுக்கும். படிந்திருக்கும் எண்ணெய் மிதந்து மேலே வரும். டோல்கேட் பக்கம் லாரிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய இடம் இன்னும் மோசம். பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்து வழியில் மெதுவாக உருட்டிப் போங்கள். வெள்ளைக்கோட்டின் மேலும், பாலத்து இரும்பு இணைப்பின் மேலும் பிரேக் போடாதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள். நனைந்த டிஸ்க் பிரேக் முதல் அமுக்கில் பிடிக்காது; அவ்வப்போது லேசாக அமுக்கிக்கொண்டே போனால் தேவைப்படும் நேரத்தில் பிடிக்கும்.

தேங்கிய தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் போகும் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள். ஓடுகிற தண்ணீரென்றால் முழங்கால் அளவே ஆபத்து. நடுவில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபை அமுக்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு மேடேறி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். திருச்சியில் ரூமுக்குப் போனதும் செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள், மழை அதைச் சுத்தமாகக் கழுவியிருக்கும்.

பல் தந்தியடிக்க ஆரம்பித்தால் அடுத்த டீக்கடையில் நிறுத்துங்கள். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று இழுக்க வேண்டாம். குளிரில் மூளையும் மந்தமாகும்.

கிளம்பும் நேரத்தில் சிவப்பு எச்சரிக்கை வந்து, ஊரில் வண்டியும் வேண்டும் என்றால் ரயிலில் பார்சல் போட்டு அனுப்பலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடிக்கச் சொல்வார்கள், அதனால் நாகர்கோவில் ஸ்டேஷனிலிருந்து பங்க் எவ்வளவு தூரம் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.