ஆடியோ டிரைவர் ஏற்றும்போது டெட்லாக்: லினக்ஸ் கர்னல் கேள்வி பதில்

கேள்வி: என் சவுண்டு டிரைவரின் புரோபுக்குள் (சாதனத்தைக் கண்டதும் ஓடும் ஃபங்ஷன்) இன்னொரு மாட்யூலை ஏற்றச் சொல்லும் ரிக்வெஸ்ட் மாட்யூல் அழைத்தால், மாட்யூல் ஏற்றும் கட்டளையான மோட்புரோப் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன் சார்?

பதில்: அந்த அழைப்பு யூசர் ஸ்பேஸில் (கர்னலுக்கு வெளியே) இன்னொரு மோட்புரோபைக் கிளப்பிவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும். புதிதாக வரும் கோடெக் மாட்யூலுக்கு (ஆடியோ சிப்பை இயக்குவது) நீங்கள் பிடித்து வைத்திருக்கும் லாக் தேவைப்பட்டால் கதை முடிந்தது: ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கும் டெட்லாக். லாக்கே இல்லாமலும் மாட்டலாம்: அந்த மாட்யூல் உங்களுடையதன் சிம்பலை (வெளியே தரும் ஃபங்ஷன் பெயர்) நம்பியிருக்கும், உங்கள் இனிட்டோ (மாட்யூலின் தொடக்க ஃபங்ஷன்) இன்னும் முடிந்திருக்காது. சிம்பல் தேடும் இடத்திலாவது 30 வினாடியில் கர்னல் கைவிட்டுவிடும். மியூடெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கும் லாக்) அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: அப்படியானால் எங்கே அழைப்பது?

பதில்: வொர்க்க்யூவில், அதாவது வேலையைப் பின்னணியில் பிறகு செய்யும் வரிசையில். இன்டெல் ஹெச்டிஏ (ஹெச்டி ஆடியோ) டிரைவர் செய்வது இதுதான்: புரோபில் அடிப்படை வேலையை முடித்து, மிச்சத்தை டிலேய்டு வொர்க்காகப் போட்டுவிட்டுத் திரும்பிவிடும்; கோடெக் மாட்யூல்கள் அங்கேதான் ஏறும். ஆனால் இனிட்டின் கடைசியில் அந்த வொர்க்கை ஃபிளஷ் செய்து, அது முடியக் காத்திருந்தால் பழைய குழியிலேயே விழுவீர்கள். டிரைவரை விலக்கும் ரிமூவிலும் கவனம் வேண்டும். அங்கே டிவைஸ் லாக் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். அதே லாக்கைக் கேட்டு நிற்கும் வொர்க்கை கேன்சல் சிங்க் செய்தால் (ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியக் காத்திருப்பது) இருவரும் நிற்பார்கள். ஹெச்டிஏ டிரைவர் கேன்சலுக்கு முன் லாக்கை விட்டு, பிறகு மறுபடி பிடிக்கிறது. அழகான வழியல்ல என்று அந்தக் கோடின் கமென்டே ஒப்புக்கொள்கிறது.

கேள்வி: வொர்க்க்யூவுக்குப் பதில் அசிங்க் (கர்னலின் இன்னொரு பின்னணி வேலை வசதி) போதாதா?

பதில்: கூடாது. இனிட் முடியும்போது அசிங்க் வேலைகளுக்காகக் கர்னல் காத்திருக்கக்கூடும். அசிங்க் வேலைக்குள்ளிருந்து காத்திருக்கும் வகை ரிக்வெஸ்ட் மாட்யூலை அழைத்தால், 2013 முதலே எச்சரிக்கை அச்சாகும்.

கேள்வி: சாதனக் கோப்பைத் திறக்கும்போது ஓடும் ஓப்பனில் லாக்கோடுதான் வருகிறேன். அங்கே ஏற்ற வேண்டுமே?

பதில்: விட்டு, ஏற்றி, திரும்பப் பிடியுங்கள். லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் மையக் கோடு சவுண்டு மியூடெக்ஸை அப்படித்தான் கையாள்கிறது. முக்கியம்: லாக்கை மறுபடி பிடித்ததும் மைனர் அட்டவணையை (சாதன எண்களின் பட்டியல்) புதிதாகப் படிக்க வேண்டும். முன்பு எடுத்த பாயின்டரை நம்பாதீர்கள்.

கேள்வி: ரிக்வெஸ்ட் மாட்யூலின் நோவெயிட் வகை அழைப்பு?

பதில்: காத்திருக்காது, அதனால் இந்தச் சிக்கல் வராது. ஆனால் அடுத்த வரியில் மாட்யூல் வந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இன்னொரு டிரைவரை எதிர்பார்க்கும் இடத்தில் ஈபுரோப் டிஃபர் (புரோபைப் பிறகு மறுபடி முயலச் சொல்லும் பிழைக் குறி) திருப்புவதே மேல்.

கேள்வி: லாக் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் லாக்டெப் எதுவும் சொல்லவில்லையே?

பதில்: சொல்லாது. நடுவில் யூசர் ஸ்பேஸ் மோட்புரோப் இருப்பதால் அந்தக் காத்திருப்பு அதன் கண்ணில் படுவதில்லை. நெடுநேரம் நின்றுபோன டாஸ்க்கைக் காட்டும் ஹங் டாஸ்க் கண்டறிதலை இயக்குங்கள். இயல்பான வரம்பு 120 வினாடி. பொறுமை இல்லையென்றால் சிஸ்ஆர்க்யூவில் (கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வசதி) டபிள்யூ கொடுத்து, நின்றிருக்கும் டாஸ்க்குகளின் ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) பாருங்கள். ஒன்றில் ரிக்வெஸ்ட் மாட்யூலும், இன்னொரு மோட்புரோபில் மியூடெக்ஸ் லாக்கும் தெரிந்தால் அதுதான் ஜோடி.