வேகம் வில்லின் நுனியில்

கேள்வி: ஒரே மரத்துண்டில் வில் செதுக்கினேன். நன்றாக வளைகிறது, ஆனால் அம்பு மந்தமாகப் போகிறது. இன்னும் தடிமனாகச் செய்ய வேண்டுமா?
– வாசகர், தென்காசி

பதில்: வேண்டவே வேண்டாம். நுனிகளைப் பாருங்கள். நாணை விட்டதும் கைப்பிடி அப்படியே நிற்க, நுனிகள்தான் அதிக தூரம், அதிக வேகத்தில் பாய்கின்றன. அங்கே வீண் மரம் இருந்தால் அதைத் தள்ளவே சக்தி போய்விடும். அம்புக்கு என்ன மிஞ்சும்?

கடைசி ஒரு சாண் நீளத்தை இரு பக்கவாட்டிலும் அரத்தால் ராவி, நுனியைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். தடிமனைத் தொட வேண்டாம். தடிமன் கொஞ்சம் குறைந்தாலே விறைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். டென்மார்க்கின் ஹோல்மகோர்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த எல்ம் மர விற்களுக்குச் சுமார் 9,000 வயது. அவற்றிலும் நுனிகள் ஒடுங்கித்தான் இருக்கின்றன. அந்தக் கைகளை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை!

இலக்கைப் பார்க்கும் முதுகுப் பக்கத்தில் மட்டும் உளி படவே கூடாது. அங்கே ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்டால் அந்த இடத்தில்தான் சிலாம்பு கிளம்பும். செதுக்குவதெல்லாம் உங்களைப் பார்க்கும் வயிற்றுப் பக்கத்தில்.

நாணைக் கழற்றிய பிறகும் வில் உங்கள் பக்கம் நன்றாக வளைந்தே நிற்கிறதா? மரம் சரியாகக் காயாமல் இருந்திருக்கலாம். நிழலில் நன்கு காய்ந்த வேறு துண்டில் தொடங்குங்கள். நாணும் மெல்லியதாக இருக்கட்டும். எதுவானாலும், அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் முறிந்துவிடும்.