எட்டுத் தடவை பார்த்த அடுப்பு

கேள்வி: எனக்கு 34 வயது. ஆபீஸுக்குக் கிளம்பும்போது கேஸ் அடுப்பை மூடினேனா என்று ஏழெட்டுத் தடவை பார்க்கிறேன். படி இறங்கிய பிறகும் திரும்ப ஏறுகிறேன். இப்போதெல்லாம் அடுப்பை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஆபீஸிலும் வேலை ஓடுவதில்லை. “ஒரு தடவை கவனமா பார்த்தா போதாதா?” என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு ஞாபகசக்தி குறைகிறதா? மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கட்டுமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: ஸ்கேனுக்கு ஆகும் பணத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் சொல்வது ஓ.சி.டி. மாதிரி, அதாவது வேண்டாத சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலச் சிக்கல் மாதிரி இருக்கிறது (கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல மாட்டேன்), அதை ஸ்கேன் எடுத்து உறுதி செய்ய முடியாது. ஆராய்ச்சிகளில் பலருடைய படங்களைச் சேர்த்து ஒப்பிட்டால் சில வித்தியாசங்கள் தெரியும்தான், ஆனால் உங்கள் ஒருவர் படத்தை வைத்து ‘இது அதுதான்’ என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

அப்புறம், வீட்டுக்காரர் சொல்வது. உங்களுக்குக் கவனம் குறைவு என்று நினைக்கிறார். குறைவே இல்லை, இருக்கிற கவனம் மொத்தமும் அந்தக் குமிழுக்கே போய்விடுகிறது, ஆபீஸ் ஃபைலுக்கு மிச்சமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் மூளையில் என்னதான் நடக்கிறது என்கிறீர்களா? ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல எழுத்தில் காட்டி, எழுத்தின் நிறத்துக்குரிய பட்டனை அழுத்தச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. அவசரத்தில் தப்பாக அழுத்திவிடுவோம். தலையில் மின்முனைகளைப் பொருத்தி அளந்தால், அழுத்திய பத்தில் ஒரு பங்கு நொடிக்குள், ‘அடடா’ என்று நாம் நினைப்பதற்கும் முன்னால், மண்டையின் முன்நடுப்பகுதியில் ஒரு மின்அலை எழும். ‘எங்கேயோ தப்பு’ என்று மூளை அடிக்கும் மணி அது. எல்லோருக்கும் அடிக்கும். ஓ.சி.டி. உள்ளவர்களுக்கு அது பெரிதாக அடிப்பதை 2000-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது, அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் அதையே பார்த்தன. உங்கள் கண் குமிழைப் பார்த்துவிட்டது, கை அதைத் திருகிவிட்டது, ஆனாலும் உள்ளே ஏதோ சரியில்லை என்று உறுத்துகிறதே, அதற்கு இந்த மணியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள்.

சரி, திரும்பத் திரும்பப் பார்த்தால் மணி அடங்க வேண்டும்தானே? அங்கேதான் வில்லங்கம். 2003-இல் நெதர்லாந்தில், ஓ.சி.டி. இல்லாத சாதாரண மாணவர்களைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பை மூடி மூடிச் சரிபார்க்க வைத்தார்கள், இருபது தடவை. இன்னொரு கூட்டத்துக்கு அடுப்புக்குப் பதில் பல்புகள். கடைசியாக இரு தரப்பையும் ஒரு தடவை அடுப்பைச் சரிபார்க்கச் சொல்லி, எந்தக் குமிழ்களைத் தொட்டீர்கள் என்று கேட்டார்கள். பதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சரி. ஆனால் அடுப்பையே இருபது தடவை பார்த்தவர்களுக்கு அந்த ஞாபகம் மங்கலாக இருந்தது, தங்கள் பதில் மேல் நம்பிக்கையும் இல்லை. எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கே இருபது தடவையில் இப்படி என்றால், தினமும் பார்க்கும் உங்களைப் பற்றி என்ன சொல்ல? உங்கள் ஞாபகசக்திக்கு ஒன்றும் ஆகவில்லை, எட்டுத் தடவை பார்த்ததில் எது இன்றைக்குப் பார்த்தது, எது நேற்றுப் பார்த்தது என்றே பிரியாமல் குழம்பிக் கிடக்கிறது. வல்லாரை மாத்திரையெல்லாம் வேண்டாம்.

போட்டோவும் இதே கதைதான். அது ஒன்பதாவது தடவை. “நான் பார்த்துட்டேன், மூடியிருக்கு, போ” என்று வீட்டுக்காரர் சொல்வது பத்தாவது.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 1966-லேயே லண்டனில் விக்டர் மேயர் என்பவர் பாதை போட்டுவிட்டார்: பயத்தைத் தூண்டும் இடத்தில் நின்றுகொண்டே, சரிபார்க்கும் செயலை மட்டும் செய்யாமல் இருக்கப் பழகுவது. கேட்க எளிது, முதல் வாரம் வயிற்றைப் பிசையும், அதனால் இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார், ஆனால் அது வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், நாலாவது நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று புரியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. சிகிச்சையில் நன்றாகத் தேறிய பிள்ளைகளை 2008-இல் மறுபடி அளந்து பார்த்தபோது, அந்த மின்அலை குறையாமல் அப்படியே இருந்தது. மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கக் கற்றுவிட்டார்கள். ஆகவே உள்ளே முழுசாக அடங்கிய பிறகுதான் படி இறங்குவேன் என்று காத்திருக்காதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும்வரை இதைச் செய்து பாருங்கள்: குமிழை ஒரு தடவை மூடுங்கள், போட்டோ வேண்டாம், உறுத்தலோடு பஸ் ஏறுங்கள். பாதி வழியில் வீட்டுக்காரருக்கு போன் போட்டு “அடுப்பு...” என்று ஆரம்பித்தால், “சாயங்காலம் என்ன சமையல்?” என்று மட்டும் கேட்கும்படி அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.