காலைல விரல் மடங்கல, ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அப்ப இது என்ன வலி?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 38. மூணு மாசமா ரெண்டு கை விரலும் மணிக்கட்டும் வீங்கி வலிக்குது. காலைல எந்திரிச்சா பத்து மணி வரைக்கும் விரலை மடக்கவே முடியல, பால் பாக்கெட்ட கூட பையன்தான் வெட்டித் தரான். யூரிக் ஆசிட் நார்மல், ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். மெடிக்கல்ல மூணு மாத்திரை சேத்து தராங்க, போட்டா அன்னைக்கு வலியே இல்ல, விட்டா திரும்ப வந்துடுது. பச்சத் தண்ணில துணி துவைக்கிறதாலதான்னு மாமியார் சொல்றாங்க. கிழங்கு, கத்தரிக்கா எல்லாம் நிறுத்திட்டேன். இது வாதமா?
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமா பட்டது அந்த பத்து மணி விஷயம்தான்மா. தேய்மானத்துல வர்ற மூட்டு வலியிலயும் காலைல கொஞ்சம் பிடிப்பு இருக்கும், ஆனா அரை மணிக்குள்ள விட்டுடும், அப்புறம் வேலை செய்யச் செய்ய சாயங்காலம்தான் வலி ஏறும். உங்களுக்கு அப்படியே தலைகீழ். ஒரு மணி நேரத்துக்கும் மேல பிடிப்பு, ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகள்ல வீக்கம், அதுவும் ஆறு வாரம் தாண்டி மூணு மாசமா. இத்தனையும் சேந்து வந்தா ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்கு வாதத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும். லெட்டர மட்டும் படிச்சு அதேதான்னு சொல்லிட முடியாது, சிக்குன்குனியா வந்துட்டுப் போனவங்களுக்கும் மாசக்கணக்குல இப்படி இருக்கும், எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற லூபஸ்ங்கற நோய்லயும் வரும், கையத் தொட்டுப் பாத்துதான் முடிவு பண்ணணும். வீட்டுல ஒண்ணு பாருங்க, யாரையாவது உங்க கைய குலுக்கற மாதிரி புடிச்சு நாலு விரல் கணுவையும் பக்கவாட்டுல சேத்து அமுக்கச் சொல்லுங்க. அதுக்கே உயிர் போற மாதிரி வலிச்சா தள்ளிப் போடாதீங்க.

ஆர்.ஏ. ஃபேக்டர்ங்கறது இந்த நோய்க்கு பாக்கற ஒரு ரத்த டெஸ்ட், அது நெகட்டிவ்னு நிம்மதி ஆகிடாதீங்க. இந்த நோய் இருக்கறவங்கள்லயே அஞ்சுல ஒருத்தருக்காவது அது நெகட்டிவாதான் வரும். ஆன்ட்டி சிசிபி, ஈஎஸ்ஆர், சிஆர்பிங்கற ரத்த டெஸ்ட்டெல்லாம் சேத்துப் பாக்கணும். யூரிக் ஆசிட் மூட்டுல படிஞ்சு வலி தர்ற கௌட்டுக்குத்தான் அந்த டெஸ்ட் பாக்கறது, அது பெரும்பாலும் கால் கட்டை விரல்லதான் ஆரம்பிக்கும், உங்க கதை வேற.

மாமியார் கிட்ட சொல்லுங்க, பச்சத் தண்ணியால இந்த நோய் வரல. உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டு உள்பக்கம் இருக்கற மெல்லிய சவ்வத் தாக்குது, அது வீங்கித் தடிச்சு கொஞ்சம் கொஞ்சமா எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்குது. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். அரிச்சுப் போனது திரும்ப வளராது, அதனாலதான் ஆரம்ப மாசங்கள்லயே வைத்தியம் தொடங்கணும்னு நாங்க இவ்வளவு அவசரப்படுத்தறோம்.

இப்ப அந்த மூணு மாத்திரை. அட்டைல இல்லாம சின்ன கவர்ல போட்டுத் தர்றதுல ஒண்ணு வலி மாத்திரை, ஒண்ணு கேஸ் மாத்திரை, இன்னொரு குட்டி மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதான் ஒரே நாள்ல மாயமா வலி போகுது. பேர் இல்லாத பொடியிலயும் பல சமயம் இதையே கலக்கறாங்க. டாக்டர் அளவு பாத்துக் கொடுத்தா ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், ஆனா யாரும் கவனிக்காம மாசக்கணக்கா போட்டா முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு வலுவிழக்கும். தினமும் போட்டுட்டு இருந்தீங்கன்னா படக்குனு நிறுத்திடவும் கூடாது, அது ஆபத்து, டாக்டர் கிட்ட காட்டி படிப்படியாதான் குறைக்கணும்.

இந்த நோய்தான்னு உறுதியானா அதிகமா மெத்தோட்ரெக்சேட்ங்கற மாத்திரைதான் தருவாங்க. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்! தினமும் போடறதுன்னு நினைச்சு முழுங்கி, வாய் பூரா புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தானவங்க இருக்காங்க. அதனால கிழமைய காலண்டர்ல எழுதி வைங்க, கூட தர்ற ஃபோலிக் ஆசிட் மாத்திரை எப்போன்னும் கேட்டு எழுதிக்கோங்க. வேலை செய்ய ஆறு முதல் பன்னெண்டு வாரம் ஆகும், நாலாவது வாரமே கேக்கலன்னு விட்றாதீங்க. லிவர், ரத்த அணு டெஸ்ட் தவறாம எடுக்கணும். கர்ப்பத்துல இந்த மருந்து கூடவே கூடாது, குழந்தை எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

அதுவரைக்கும் காலைல எந்திரிச்சதும் கை பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல பத்து நிமிஷம் கைய வெச்சு உள்ளயே மெதுவா மடக்கி நீட்டுங்க, இது நல்லா கேக்கும். பிழியற வேலை, முறுக்கற வேலை வேற யாராவது பாக்கட்டும், கனமான பாத்திரத்த விரல்ல தூக்காம ரெண்டு உள்ளங்கையிலயும் ஏந்துங்க. வீக்கம் ஜாஸ்தியான நாள்ல அழுத்தி எண்ணெய் தேய்க்கறது வேணாம். கிழங்கு, கத்தரிக்காயால இது வரல, தாராளமா சாப்பிடுங்க. முடக்கத்தான் தோசையும் சாப்பிடலாம், ஆனா மருந்துக்கு பதிலா இல்ல.

மூட்டு டாக்டர்னா ஆர்த்தோன்னு போயிடாதீங்க, இதுக்கு ரூமட்டாலஜிஸ்ட், அதாவது வாத நோய் டாக்டர். செலவு பயமா இருந்தா சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைல இதுக்குன்னே தனித் துறை இருக்கு. திடீர்னு காய்ச்சலோட ஒரு மூட்டு மட்டும் செவந்து கொதிச்சா அன்னைக்கே போகணும். டாக்டர பாக்கற நேரத்துல வீக்கம் வடிஞ்சு கை சாதாரணமா தெரியலாம், அதனால நாளைக்கு காலைல எந்திரிச்ச உடனே ரெண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, மெடிக்கல்ல தந்த அந்தக் கவரையும் மறக்காம கூட கொண்டு போங்க.