காணாமல் போன ‘ரெட் ஹேர்’: கேள்வி பதில்

கேள்வி: யாருமே பார்க்க முடியாத படத்தின் கதை மட்டும் எப்படித் தெரிகிறது?

பதில்: படம்தான் போனது, அதைச் சுற்றியிருந்த காகிதம் போகவில்லை. ‘ரெட் ஹேர்’ 1928-ல் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட ஊமைப் படம். இயக்கம் கிளாரன்ஸ் பேட்ஜர், நாயகி கிளாரா போ. அன்றைய விமர்சனங்களும் ஸ்டில்களும் கதையைச் சொல்லிவிடுகின்றன. நகம் திருத்தும் வேலை பார்க்கும் பெண். மூன்று பணக்காரக் கிழவர்கள் அவளுக்கு வாங்கிக் குவிக்கிறார்கள். அவள் காதலிப்பதோ வேறொரு இளைஞனை. பார்த்தால் அந்த மூவரும் அவனுடைய கார்டியன்கள்! மூவரும் குறுக்கே நிற்க, அவர்கள் வாங்கித் தந்த உடுப்பை எல்லார் முன்னாலும் கழற்றி அவர்களிடமே கொடுத்துவிடுகிறாள். காகிதத்தில் இது இரண்டு வரி. அந்த நேரத்தில் கிளாரா போ கண்ணை எப்படி உருட்டினார் என்பதில்தான் சிரிப்பே இருந்திருக்கும். அது எந்த விமர்சனத்திலும் இல்லை.

கேள்வி: யூடியூப் லிங்க் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது.

கேள்வி: தீ விபத்தில்தானே அழிந்தது?

பதில்: தொலைந்த படம் என்றாலே எல்லாரும் தீ என்கிறார்கள். 1937-ல் நியூ ஜெர்சியில் எரிந்தது ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு. இது பாரமவுண்ட் படம். பேசும் படம் வந்தபின் ஊமைப் படத்துக்கு விலை இல்லை. யூனிவர்சல் நிறுவனம் 1948-ல் தன் ஊமைப் படங்களைத் தானே அழித்தது. போதாக்குறைக்கு அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிம் தானாகவே பிசுபிசுத்துப் பொடியாகும். அமெரிக்காவின் சுமார் 11,000 முழுநீள ஊமைப் படங்களில் 14 சதவீதம்தான் அசல் 35 மி.மீ. வடிவில் முழுசாக மிஞ்சியிருக்கிறது என்கிறது அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் வெளியிட்ட 2013 ஆய்வு.

கேள்வி: பரணில் பழைய ரீல் ஒன்று கிடைத்தது. ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! நைட்ரேட்டாக இருந்தால் புரொஜக்டர் சூடே போதும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது. ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: வண்ணத்தில் ஒரு துண்டு இருக்கிறதே? அப்புறம் எப்படித் தொலைந்த படம் என்கிறீர்கள்?

பதில்: இருக்கிறது. தலைப்பே சிவப்பு முடி. அதைக் கறுப்பு வெள்ளையில் காட்டி என்ன பயன்? அதற்காகவே ஒரு பகுதியை டெக்னிகலர் என்ற வண்ண முறையில் எடுத்தார்கள். மிஞ்சிய துண்டு அந்த வண்ணப் படப்பிடிப்பில் வந்தது. ஒரு பல் கிடைத்தால் ஆள் கிடைத்ததாக ஆகுமா?

கேள்வி: பல் இருந்தாலும் ‘முழுசாகத் தொலைந்தார்’ என்று சொல்ல முடியாதே!

பதில்: சரி, ‘பெரும்பாலும் தொலைந்த படம்’. திருப்தியா?

கேள்வி: இல்லை. ‘இட்’ படத்தையும் இப்படித்தானே தொலைந்தது என்றார்கள்?

பதில்: இது சரியான அடி. அதே நாயகி, அதே இயக்குநர், 1927. 1960-களில் பிராகாவில் பிரதி கிடைத்தது. ‘தொலைந்தது’ என்றால் இன்றுவரை பிரதி தென்படவில்லை என்று மட்டும்தான் பொருள். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன், பல்லை விட மாட்டேன்.

கேள்வி: முழுப் படம் எங்கே பார்க்கலாம்?

பதில்: மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: பரண் ரீல்காரன்தான். பெட்டிமேல் ஒன்றும் எழுதவில்லை. கொஞ்சம் மட்டும் ஓட்டி...

பதில்: புரொஜக்டரைத் தொடாதீர்கள்!